முதல் கனொப்பி: 170 வாடகைக்கா, 150 சொந்தமாகவா, 135-க்குத் தாவுவதா?

அக்காவின் மகள் கொக்குவிலில் இருந்துகொண்டு ஸ்கைடைவிங் பழகுகிறாள். லீவு கிடைக்கிற நேரம் பலாலியில் விமானம் ஏறிச் சென்னை, அங்கிருந்து தாய்லாந்து. பட்டாயாவுக்குப் பக்கத்தில் உள்ள தளத்தில் பயிற்சியை முடித்து, 25 ஜம்ப்களையும் சோதனைகளையும் தாண்டி தனியே குதிக்க விடுகிற முதல் படியான ஏ லைசன்ஸ் எடுத்துவிட்டாள். இப்போது சொந்தமாக ஒரு பரசூட் வாங்க வேண்டுமாம். "மாமா, இதில எது வாங்கட்டும்?" என்று கேட்டு ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறாள். ஜெர்மனியில் இருந்த காலத்தில் நானும் குதித்தவன் என்பதால்தான் என்னிடம் கேட்கிறாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். கனடாவிலும் சுவிசிலும் இலண்டனிலும் எங்கள் பிள்ளைகள் பலர் இதே கேள்வியோடு நிற்கிறார்கள்.

பட்டியலில் உள்ளவை இவை. தளத்தின் 170 சதுர அடி, ஒன்பது செல் கனொப்பியை வாடகைக்கு எடுத்துத் தொடர்ந்து குதிப்பது ஒன்று (கனொப்பி என்பது பரசூட்டின் விரிகிற துணிச் சிறகு, செல் என்பது அதில் காற்று நிறைகிற அறை). ஸ்பெக்டர் என்ற மொடலில் பாவித்த 150, ஏழு செல், இரண்டாவது. சேபர் 2 என்ற மொடலில் பாவித்த 150, ஒன்பது செல், மூன்றாவது. நாலாவது 135 சேபர் 2. இது மட்டும் ஹார்னஸ் (உடம்பில் மாட்டுகிற பட்டிகள்), றிசேவ் (அவசரத்துக்கான இரண்டாவது கனொப்பி), ஏ.ஏ.டி. (றிசேவைத் தானாகத் திறக்கிற கருவி) எல்லாம் சேர்ந்து முழு செற்றாக வருகிறது, கணக்குப் பார்த்தால் மலிவும் இதுதான். இதற்கு மேல் ஒரு நண்பர் தன்னுடைய 120 ஸ்டிலெட்டோவைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஸ்டிலெட்டோவை இந்த இடத்திலேயே தள்ளி வைத்துவிடலாம். அது நீள்வட்ட வடிவக் கனொப்பி. இடுப்பைச் சற்றுச் சாய்த்தாலே திரும்பும். விரியும்போது கயிறு முறுக்கிக்கொண்டால் வேகமாகச் சுழலத் தொடங்கும். நூற்றுக்கணக்கான ஜம்ப்களைக் கடந்தவர்கள் யோசித்து எடுக்க வேண்டிய சாமான் அது. சும்மா தந்தாலும் வேண்டாம்.

அக்காவின் பயம் வேறு. பரசூட் விரியாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் அவருக்கு இரவில் நித்திரையைக் கெடுக்கிறது. அந்தப் பயம் நியாயமானது, ஆனால் அதற்குரிய மறுமொழி பெரும்பாலும் கிடைத்துவிட்டது. முதுகில் இரண்டாவது கனொப்பி இருக்கிறது. குதிப்பவர் மயங்கிவிட்டாலோ உயரத்தை மறந்துவிட்டாலோ றிசேவைத் தானாகத் திறக்கிற கருவியும் இருக்கிறது. 1991-இல் ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் கொண்டுவந்த சைப்ரஸ், சுமார் 225 மீற்றர் உயரத்தில் ஆள் இன்னும் செக்கனுக்கு 35 மீற்றர் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால் றிசேவைத் திறந்துவிடும். அமெரிக்காவில் 2023-இல் ஏறத்தாழ 36 இலட்சம் ஜம்ப்கள் நடந்தன, இறந்தவர்கள் 10 பேர். இந்த விளையாட்டு எழுபதுகளில் இருந்ததை நினைத்தால் இது பெரிய மாற்றம்.

ஆனால் விபத்து அறிக்கைகளைத் தொடர்ந்து வாசிக்கிறவருக்கு ஒன்று தெளிவாகத் தெரியும். நன்றாக விரிந்த, ஒரு பழுதும் இல்லாத கனொப்பிக்குக் கீழேயே கணிசமான பேர் சாகிறார்கள். கால் உடைவது, முதுகெலும்பு நொறுங்குவது எல்லாம் பெரும்பாலும் கடைசி நூறு அடியில்தான். அது எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் எதை வாங்குவது என்பதில் பாதி முடிவாகிவிடும்.

காற்றுக்கு எதிராகத் திரும்பி, கடைசி நேர்கோட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறாள் என்று வையுங்கள். உயரம் நூறு அடி. முன்னால் திடீரென்று ஒரு வேலி, அல்லது குறுக்கே இறங்குகிற இன்னொருவர். கை தானாக ஒரு பக்கப் பிரேக்கை (கனொப்பியைத் திருப்பவும் வேகம் குறைக்கவும் இழுக்கிற கைபிடியை) ஆழமாக இழுத்துவிடும். உடனே கனொப்பி அந்தப் பக்கம் சாயும், உடம்பு மறுபக்கம் வெளியே வீசப்படும், கனொப்பி மூக்கைக் குத்திக்கொண்டு கீழே பாயும். திரும்பித் தலைக்கு மேலே வந்து சமநிலைக்கு நிற்க அதற்கு உயரம் வேண்டும். அந்த உயரம் இல்லாவிட்டால் நிலத்தில் முதலில் படுவது கால் அல்ல. கனொப்பி சின்னதாக ஆக ஆக, அதே கை இழுப்பு இன்னும் கெதியான பாய்ச்சலாக மாறும்.

எனவே எந்தக் கனொப்பியில் வடிவாக இறங்குவேன் என்று அவள் பார்க்கக் கூடாது என்பது என் வாதம். வெயில், காற்று, விமானி எல்லாம் சரியாக அமைந்த நாளில் 135-இலும் அவள் வடிவாகத்தான் இறங்குவாள். தெரியாத வயலில், களைத்துப்போன நேரத்தில், பயந்து ஒரு பிழையான இழுப்பு இழுத்த பிறகும் எழும்பி நடக்க எது விடுகிறது என்று பார்க்க வேண்டும்.

இனி இலக்கங்களுக்கு வருவோம். கனொப்பி எவ்வளவு வேகமாகப் பறக்கும் என்பதற்கு முதல் அளவு விங் லோடிங். விமானத்தை விட்டு வெளியே வருகிற மொத்தப் பாரத்தை இறாத்தலில் எடுத்து, கனொப்பியின் சதுர அடியால் பிரித்தால் அது வரும். அவள் 52 கிலோ. உடுப்பு, ஹெல்மெற், முழு செற் எல்லாம் சேர்த்து 63 கிலோ, அதாவது 139 இறாத்தல். அதன்படி 170-இல் 0.82, 150-இல் 0.93, 135-இல் 1.03, ஸ்டிலெட்டோ 120-இல் 1.16.

கனொப்பிப் பயிற்சியில் பேர்பெற்ற பிரையன் ஜெர்மேன் சொன்ன கணக்கு ஒன்று பரவலாகப் பாவிக்கப்படுகிறது. முதல் நூறு ஜம்ப் வரை 1.0-ஐத் தாண்ட வேண்டாம், அதற்குப் பிறகு ஒவ்வொரு நூறுக்கும் 0.1 கூட்டலாம் என்பது அது. தளத்தில் சிலர் அவளுக்கு இதையே திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். "1.03 தானே, பெரிசா ஒண்டும் இல்லை. நீ மெல்லிசு, 170-இல காத்தோட அள்ளுப்படுவாய், 135 எடு." மெலிந்த பிள்ளைகள் எல்லோருக்கும் கிடைக்கிற ஆலோசனை இது. நான் இதோடு ஒத்துப்போகவில்லை.

காரணம், ஒரே விங் லோடிங் எல்லா அளவுக் கனொப்பியிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. கனொப்பி சிறுத்தால் கயிறுகளும் குட்டையாகும். ஊஞ்சலின் கயிறு குட்டையானால் ஆட்டம் கெதியாவதைப் பார்த்திருப்பீர்கள், இங்கேயும் அதே கணக்குத்தான். 90 கிலோ ஆள் ஒருவர் செற்றோடு சேர்த்து 230 சதுர அடிக் கனொப்பியில் 1.0-இல் பறப்பதும், என் மருமகள் 135-இல் 1.03-இல் பறப்பதும் இலக்கத்தில்தான் ஒன்று. அவருடையது ஆறுதலாகத் திரும்பும். இவளுடையது ஒரு கை அசைவுக்கே சாய்ந்து பாயும். மெலிந்தவர்கள் 1.0 என்ற எல்லையைத் தொடுவதற்கே மற்றவர்களைவிட அதிக அனுபவம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வேகமும் பாருங்கள். கனொப்பியின் வேகம் விங் லோடிங்கின் வர்க்கமூலத்தோடு ஏறும். 170-இலிருந்து 135-க்குப் போனால் வேகம் சுமார் 12 வீதம் கூடும். கேட்க அற்பம்தான். ஆனால் நிலத்தில் அடிக்கிற சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் அது 26 வீதம் கூடும். கணுக்காலுக்குத் தெரிவது இரண்டாவது இலக்கம். தாய்லாந்தின் வெயிலில் காற்று ஐதாக இருப்பதால் இதற்கு மேல் இன்னும் கொஞ்சம் வேகம் சேரும்.

காற்றில் அள்ளுப்படுவாய் என்று சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 0.82-இல் பறக்கிறவளின் முன்னோக்கிய வேகம் குறைவு. காற்று பலமாக இருந்தால் நின்ற இடத்திலேயே நிற்பாள், சிலவேளை பின்னாலும் போவாள். அதற்கு மறுமொழி சின்னக் கனொப்பி அல்ல, அந்த விமானத்தில் ஏறாமல் விடுவது. அமெரிக்கப் பரசூட் சங்கம் மாணவர்களுக்கு வைத்திருக்கிற எல்லை மணிக்கு 14 மைல். லைசன்ஸ் எடுத்ததும் அந்த எல்லை விதிப்படி விலகிவிடும். ஆனாலும் அவள் அதை இன்னும் நீண்ட காலத்துக்குத் தனக்குத் தானே வைத்திருக்க வேண்டும். சோளகம் எப்படித் திடீரென்று வேகம் பிடிக்கும் என்று தெரிந்த ஊர்ப் பிள்ளைக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

சரி, 135 போகட்டும். ஏழு செல்லா, ஒன்பது செல்லா என்ற கேள்வி இதைவிடச் சிக்கலானது, இங்கே இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஸ்பெக்டர் போன்ற ஏழு செல் கனொப்பி அகலம் குறைந்தது. மெதுவாக விரியும், பெரும்பாலும் நேரே விரியும். கழுத்து நோகாது. ஆனால் செங்குத்தாக இறங்கும். விமானி தூரத்தில் இறக்கிவிட்டால் தளத்துக்குத் திரும்பி வருவது கடினம். ஒன்பது செல் தட்டையாக, தூரம் போகும். இரண்டு பிரேக்கையும் ஒன்றாக இழுத்து ஃபிளேர் செய்யும்போது நன்றாகத் தூக்கிப் பிடித்து, மெல்ல இறக்கிவிடும். சேபர் 2 விரியும்போது சிலவேளை திசை மாறும், அந்த நேரம் இடுப்பை நேராக வைத்திருக்கப் பழக வேண்டும். (பட்டியல்களில் எண் இல்லாத வெறும் 'சேபர்' என்று வருவது எண்பதுகளின் கடைசியில் வந்த பழைய மொடல். கடுமையாக விரிகிற பேர் அதற்கு உண்டு. பேர் ஒன்றாக இருப்பதால் மாறி வாங்கிவிடக் கூடாது.)

நான் ஒன்பது செல் பக்கம். அவள் பழகினது முழுக்க ஒன்பது செல்லில், அவளுடைய கண்ணுக்கு அந்த இறக்கக் கோணம்தான் பழக்கம். இறங்கும் இடத்தைக் கணிப்பது இன்னும் கைவராத நேரத்தில் கோணத்தையும் மாற்றினால் ஒரே நாளில் இரண்டு பாடம் படிக்க வேண்டிவரும். பின்னால் விங்சூட்டுக்கோ கமெராவுக்கோ போக ஆசை இருந்தால் அப்போது ஏழு செல்லுக்கு வரலாம். ஸ்பெக்டரை வாங்கினால் பிழை என்று சொல்ல மாட்டேன். பட்டியலில் சேபர் 2 இல்லாமல் ஸ்பெக்டர் 150 மட்டும் இருந்தால் மனம் நிறைந்து அதையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

வாடகையா, சொந்தமா என்பதில் அவள் யாழ்ப்பாணத்தில் இருப்பது முக்கியமான விஷயம். தளத்துக்குப் பக்கத்தில் வசித்து, சனி ஞாயிறு தவறாமல் குதிக்கிறவருக்குச் சொந்த செற் நல்லது. ஒரே கனொப்பியில் தொடர்ந்து பறந்தால் அதன் குணம் கைக்கு வந்துவிடும். இவளோ வருடத்தில் இரண்டு மூன்று முறை போய், ஒரு கிழமை நின்று, அடுக்கடுக்காகக் குதித்துவிட்டு வருகிறவள். ஏ லைசன்ஸ் உள்ளவர் 60 நாள் குதிக்காமல் இருந்தால் மீண்டும் பயிற்றுநரோடு நினைவூட்டல் ஜம்ப் செய்ய வேண்டும் என்பது அமெரிக்கச் சங்கத்தின் பரிந்துரை. ஒவ்வொரு முறை போகும்போதும் அவள் இந்த 60 நாளைத் தாண்டித்தான் போவாள். அதாவது ஒவ்வொரு பயணத்தின் முதல் நாளும் அவள் கிட்டத்தட்டப் புதியவள். அந்த முதல் நாளுக்குத் தளத்தின் 170-தான் சரி, சொந்தமாக எது இருந்தாலும்.

பயணத்தின் பிரச்சினையும் உண்டு. பலாலியிலிருந்து போகிற சின்ன விமானத்தில் கையில் கொண்டுபோக 7 கிலோதான் விடுவார்கள், செற்றோ பத்துக்கு மேல். ஆகவே பெட்டியோடு போட வேண்டிவரும். ஏ.ஏ.டி.யின் எக்ஸ்றே அட்டையை மேலாகத் தெரிய வைத்து, சோதனை செய்கிறவர்களுக்கு ஒருமுறை விளக்கவும் வேண்டும். முடியாத காரியமில்லை, ஆனால் வாடகைக்கு எடுக்கிறவர் இதில் ஒன்றையும் யோசிக்கத் தேவையில்லை.

காசுக் கணக்கில் புதுக் கனொப்பி மட்டும் 3000 டொலர் அளவில் வரும், எங்கள் காசில் ஒன்பது இலட்சத்துக்குக் கிட்ட. அதனால் முதல் கனொப்பி பாவித்ததாக இருப்பதே புத்தி. எப்படியும் சில வருடத்தில் மாற்றுவாள். ஆனால் பாவித்ததை வாங்குவதில் பார்க்க வேண்டியது துணியின் நிறத்தையோ தையலையோ மட்டும் அல்ல.

துணியில் இரண்டு இனம். காற்றுப் புகாத சீரோ பொரொசிட்டி துணி பல நூறு ஜம்ப் வரை தன் குணத்தை வைத்திருக்கும். வழுக்கும், மடிக்கிறபோது பாம்பு மாதிரி நழுவும் என்று எல்லோரும் திட்டுவார்கள், இரண்டு நாளில் பழகிவிடும். பழைய எஃப்-111 வகைத் துணி மடிக்கச் சுகம், ஆனால் பாவிக்கப் பாவிக்கக் காற்றுக் கசியும். அப்படித் தேய்ந்த கனொப்பி ஃபிளேர் செய்யும்போது தூக்காது. பிரதான கனொப்பியாக அதைப் பாவித்த நிலையில் வாங்க வேண்டாம்.

கயிறுதான் பெரிய விஷயம். இன்றைய சதுரக் கனொப்பியே பட்டம் கட்டின ஒரு மனிதரிடமிருந்து வந்தது. டொமினா ஜால்பேர்ட் என்ற அமெரிக்கப் பட்டக்காரர் 1964-இல், காற்றை உள்வாங்கித் தானே இறக்கை வடிவம் எடுக்கிற துணிச் சிறகுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு முச்சை என்றால் என்னவென்று தெரியும். முச்சையின் ஒரு நூல் கொஞ்சம் குறைந்தாலே பட்டம் குத்தும். கனொப்பியின் கயிறுகளும் அப்படி ஒரு கணக்கில்தான் வெட்டப்பட்டிருக்கின்றன.

கயிற்றில் மூன்று இனம். ஸ்பெக்ட்ரா கயிறு பலமானது, ஆனால் சூட்டில் சுருங்கும். ஒவ்வொரு முறை விரியும்போதும் ஸ்லைடர் (கனொப்பி சடுதியாக விரியாமல் தடுக்கிற சின்னத் துணி) கயிறுகளில் உரசிக்கொண்டு கீழே வருகிறது. அந்த உரசல் வெளிப்புறக் கயிறுகளிலும் பிரேக் கயிறுகளிலும் அதிகம். சில நூறு ஜம்ப்களில் அவை மற்றவற்றைவிடப் பல அங்குலம் குறைந்துவிடும். பிரேக் கயிறு குட்டையானால் கைபிடியை முழுக்க மேலே விட்டிருந்தாலும் கனொப்பி பாதிப் பிரேக்கிலேயே பறக்கும், ஃபிளேர் பலவீனமாகும், விரிவதும் கோணலாகும். வெக்ட்ரான் கயிறு சுருங்காது, ஆனால் பிய்ந்து பூப்பூவாக வரும், கண்ணுக்குத் தெரியும். எச்.எம்.ஏ. கயிறு அளவு மாறாது, ஆனால் தேய்வை வெளியே அதிகம் காட்டாமலே அறும். எனவே விற்கிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தக் கயிறுக்கு எத்தனை ஜம்ப்? இரண்டாவது கேள்வி: றிகர் (பரசூட்டைப் பரிசோதித்து மடிக்கத் தகுதி பெற்றவர்) ஒருவர் எல்லாக் கயிற்றையும் அளந்து எழுதித் தருவாரா? துணி நல்லதாக இருந்து கயிறு முடிந்திருந்தால் அதற்காக வாங்காமல் விட வேண்டியதில்லை. புதுக் கயிற்றுச் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம்.

135 செற்றை நான் மறுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் றிசேவ் 113. அவளுடைய பாரத்துக்கு 1.23 வரும். றிசேவைத் திறக்கிற நாள் எப்படிப்பட்ட நாள் என்று யோசித்துப் பாருங்கள். பழுதான பிரதான கனொப்பியைக் கழற்றி விட்டிருக்கிறாள், உயரம் போய்விட்டது, கை நடுங்குகிறது, கீழே இருப்பது தெரியாத இடம். அதோடு றிசேவ் என்பது ஏழு செல், அவள் வழக்கமாகப் பறக்காத வகை. அந்த நேரத்தில் வாழ்க்கையிலேயே மிகச் சின்னக் கனொப்பியை முதன்முறையாகப் பறக்க வேண்டிவரும். றிசேவ் 143-க்குக் குறையக் கூடாது. 143-இல் 0.97 வரும். மலிவான முழு செற்றுகளில் ஆபத்து ஒளிந்திருக்கிற இடம் இதுதான், ஏனென்றால் எல்லோரும் பிரதான கனொப்பியின் எண்ணை மட்டும் கேட்கிறார்கள்.

கனொப்பிகளை மடித்து வைக்கிற முதுகுப் பை 150-ஐயும், பின்னால் வாங்கக்கூடிய 135-ஐயும் கொள்ளக்கூடிய அளவில் இருக்கலாம். ஹார்னஸ் உடம்புக்குப் பொருந்த வேண்டும். கால்பட்டி மேலேறி, தோளில் பட்டி நழுவினால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான்.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தால் பராமரிப்பு வேறு. நைலோனுக்கு வெயில் எமன். மொட்டைமாடியிலோ முற்றத்துக் கொடியிலோ விரித்து வைக்கக் கூடாது. கார் டிக்கிக்குள்ளும் போட்டு மறக்கக் கூடாது. கடலில் இறங்க நேர்ந்தால் நன்னீரில் அலச வேண்டும். எங்கள் பக்கத்து உவர்க் கிணற்று நீரில் அலசினால் உப்பின் மேல் உப்புத்தான் சேரும். நல்ல தண்ணிக் கிணறு உள்ள வீட்டில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். எலி ஏறாத அலுமாரி ஒன்றும் தேவை. றிசேவைக் காலக்கெடுவுக்குள் றிகர் திறந்து பார்த்து மீண்டும் மடிக்க வேண்டும். அமெரிக்காவில் அது 180 நாள், அவள் குதிக்கிற தளத்தின் கெடு எதுவென்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். அதை இங்கே செய்விக்க முடியாது என்பதால் ஒவ்வொரு பயணத்திலும் முதல் வேலையாகத் தளத்து றிகரிடம் கொடுக்க வேண்டும்.

ஆக என் தெரிவு: அடுத்த பயணம் முழுக்க 170 வாடகை. அதற்குள் சேபர் 2 150-இன் கயிறு அளவு சரியாக வந்தால், 143 றிசேவோடு செற்றாகச் சேர்த்து வாங்கலாம். 170-இல் அவள் முடிக்க வேண்டியவை சில உண்டு. இரண்டு பிரேக்கையும் பாதி இழுத்து வைத்துக்கொண்டு, சாயாமல் தட்டையாகத் திரும்பப் பழக வேண்டும். நூறு அடியில் அந்த வேலி எதிர்ப்பட்டால் காப்பாற்றப்போவது இந்தத் திருப்பம்தான், அதனால் இதை உயரத்தில் வைத்துக் கை மறக்காத அளவுக்குச் செய்ய வேண்டும். பாதிப் பிரேக்கிலிருந்தே ஃபிளேர் செய்து இறங்க வேண்டும். மெல்லிய காற்றில் குறுக்காகவும் இறங்கிப் பார்க்க வேண்டும். சொன்ன இடத்தில் இறங்குவது தற்செயலாக இல்லாமல் வழக்கமாக வேண்டும். பயிற்றுநர் ஒருவர் கீழே நின்று பார்த்து, வீடியோ எடுத்து, முகத்துக்கு நேரே பிழை சொன்னால் இன்னும் நல்லது. இவை கைவராமல் 150-க்கும் போக வேண்டாம்.

135 விற்கிறவருக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டாள். "மாமா, அவர் இன்னும் நூறு டொலர் குறைக்கிறாராம்" என்று நேற்றும் ஒரு செய்தி வந்தது. குறைக்கட்டும். 150-இன் கயிறு அளவுகளை றிகர் அடுத்த கிழமை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், அது வந்த பிறகுதான் காசு.